தடைக்காலத்தில் ஏறும் சர்க்கரை

எங்கள் சித்தப்பா ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகுக்குப் போகிறவர். ஏழெட்டு வருஷமாக அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையை விடாமல் போடுவார், டீக்குச் சீனி சேர்க்க மாட்டார். ஆனாலும் மே மாதக் கடைசியில் பரிசோதனை செய்தால் அளவு எகிறி நிற்கும். போன வருஷம் மார்ச்சில் சாப்பிட்ட பிறகு 170 இருந்தது, மே முடிவில் 240. "வீட்ல இருந்துக்கிட்டு எனக்குத் தெரியாம எதையோ திங்கிறாரு" என்று சித்தி சண்டைக்கே போய்விட்டார். "அதே சோறு, அதே குழம்புதானே" என்றார் சித்தப்பா. அவர் சொன்னது உண்மைதான்.

மாறியது சாப்பாடு இல்லை, வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களில் வலை இழுத்து, ஐஸ் உடைத்து, கூடை தூக்கி, ஆடுகிற படகில் இரவெல்லாம் கால் ஊன்றி நின்ற உடம்பு இந்த இரண்டு மாதமும் கொட்டகை நிழலில் உட்கார்ந்துவிடுகிறது.

உட்கார்ந்தால் ஏன் சர்க்கரை ஏற வேண்டும்? நம் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சாப்பிடாமல் இருக்கும்போது அதில் கரைந்திருக்கும் சர்க்கரை மொத்தமே 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன் அளவு. சமைத்த சோறு 100 கிராமில் 28 கிராம் போல மாவுச்சத்து இருக்கிறது. கடலுக்குப் போகிறவர் வட்டிலில் 300 கிராம் சோறு சாதாரணம். அப்படியானால் 80 கிராமுக்கு மேல் சர்க்கரை ஓரிரண்டு மணி நேரத்தில் ரத்தத்துக்குள் வந்து சேருகிறது. ஒரு டீஸ்பூன் இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு டீஸ்பூன்! அதை உடனுக்குடன் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஆள் வேண்டும். கல்லீரல் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். ஆனால் பெரிய கிட்டங்கி தசைதான். கல்லீரல் சேர்த்து வைப்பது 100 கிராம் என்றால், உடம்பின் தசைகளெல்லாம் சேர்ந்து 400 கிராம் வரை வைத்துக்கொள்ளும்.

தசை செல்லுக்குள் சர்க்கரையை ஏற்றுகிற புரதம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் குளூட்-4. சும்மா இருக்கும் நேரத்தில் இது செல்லின் விளிம்பில் இருக்காது, கரையில் இழுத்துப் போட்ட வள்ளம் மாதிரி உள்ளே ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து குரல் கொடுத்தால்தான் விளிம்புக்கு வந்து சர்க்கரையை ஏற்றும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் அந்தக் குரல் சரியாகக் காதில் விழுவதில்லை. ரத்தத்தில் இன்சுலின் இருந்தும் வள்ளங்கள் கிளம்புவதில்லை. சர்க்கரை வெளியே தேங்குகிறது.

ஆனால் அந்த வள்ளங்களைக் கிளப்ப இன்னொரு குரலும் உண்டு. தசை சுருங்கி விரியும்போது செல்லுக்குள் கால்சியம் பெருகும், எரிபொருள் குறையும். அந்த இரண்டு சைகைகளுமே குளூட்-4-ஐ விளிம்புக்கு அழைத்து வந்துவிடும். இன்சுலினுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் வந்தவர் உடம்பிலும் இந்த வழி பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. இதைத்தான் எல்லாருக்கும் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சித்தப்பாவுக்குப் பத்து மாதமும் பாதி மருந்தாக இருந்தது வலை இழுத்த வேலை. தடைக்காலத்தில் அந்தப் பாதி நின்றுபோகிறது.

"சும்மாவா இருக்கேன், நாள் பூரா வலை பின்றேனே" என்பார். விரல்கள் ஓயாமல் ஓடுகின்றன, சரிதான். ஆனால் உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. உட்கார்ந்து வலை பின்னும்போது அவை தூங்குகின்றன. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, கொட்டகையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாலே அவை விழித்துக்கொள்ளும்.

இன்னும் பலன் தருவது சாப்பாட்டுக்குப் பிந்திய நடை. ரத்தத்தில் சர்க்கரை உச்சிக்குப் போவது சாப்பிட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில். அதற்கு முன்பே நடக்க ஆரம்பித்துவிட்டால் வருகிற சர்க்கரையைத் தசை வழியிலேயே எடுத்துக்கொள்ளும். 10, 15 நிமிடம் போதும். நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை இன்சுலினின் குரல் தசைக்குத் தெளிவாகக் கேட்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுவான கணக்கு.

நடக்கும்போது காலில் செருப்பு இருக்கட்டும். நம் ஊரில் கடற்கரைக்குச் செருப்புப் போட்டுப் போகிற பழக்கம் குறைவு. பல வருஷச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். சிப்பி கீறியதும் மீன் முள் ஏறியதும் தெரியாமல் புண் உள்ளுக்குள் பழுத்துவிடும். படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் கடலோர வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. சூடை, நெத்திலி, கணவாய் என்று புரதம் வாசலுக்கே வருகிறது. குறை சோற்றுக் குவியலில்தான். மீனையும் காய்கறியையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசிக்கு வைத்தால், வயிற்றிலிருந்து மாவுச்சத்து மெதுவாக இறங்கும், சர்க்கரையின் உச்சி தாழும். சித்தி இப்போது அப்படித்தான் பரிமாறுகிறார். அகப்பை ஒன்று குறைந்திருக்கிறது, மீன் துண்டு ஒன்று கூடியிருக்கிறது. மீனைப் பொரிக்காமல் குழம்பில் போட்டால் இன்னும் நல்லது. கருவாட்டை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளலாம், அதன் உப்பு ரத்தக் கொதிப்புக்கு ஆகாது.

அப்புறம் கருப்பட்டி. பனங்காட்டு ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ், வெள்ளைச் சீனியிலும் அதேதான். கருப்பட்டிக் காபி சர்க்கரைக்காரருக்கு ஆகும் என்பது தவறு. பதநீரும் கீழக்கரைத் தொதல் என்கிற இனிப்பும் அப்படியே. நார்ச்சத்துள்ள பனங்கிழங்கைச் சோற்றோடு கூடுதலாகத் தின்னாமல், சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் தின்னலாம்.

இந்த வருஷத் தடைக்காலத்தில் சித்தப்பாவும் சித்தியும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கச்சான் காற்றில் தோணித்துறைப் பக்கம் நடந்துவிட்டு வந்தார்கள். மே முடிவில் பார்த்தபோது 182.

தடை முடிந்து கடலுக்குப் போகும் நாளில் இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்று உண்டு. கரையில் இருந்தபோது சர்க்கரை ஏறியதால் மருத்துவர் மருந்தைக் கூட்டியிருப்பார். அதே அளவு இன்சுலினோடும் கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோடும் திடீரென்று வலை இழுத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். நடுக்கடலில் இது உயிருக்கே ஆபத்து. ஆகவே படகு ஏறுவதற்கு முந்தைய வாரமே மருத்துவரைப் பார்த்து, "தொழிலுக்குப் போகப் போறேன்" என்று சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சித்தப்பாவின் சாப்பாட்டுப் பையில் இப்போது ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது. மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் அதில் மூன்று டீஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. கூடப் போகிற மூன்று பேருக்கும் அது எந்தப் பையில் இருக்கிறது என்று சித்தி காட்டிக் கொடுத்திருக்கிறார்.