‘கஸ்டம் டைட்டில்’ தமிழில் பட்டப்பெயர்

பள்ளித் தோழர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் டெலிகிராம் குழுவில் ஆளுக்கொரு ‘கஸ்டம் டைட்டில்’, அதாவது பெயருக்கு அந்தப் பக்கம் ஓரத்தில் தெரியும் அடையாளச் சொல், வைப்பது என்று போன மாசி மாதம் முடிவானது. முதல் சண்டை யாருக்கு எதை வைப்பது என்பதில் வரவில்லை. அந்தச் சங்கதிக்குத் தமிழில் என்ன பெயர் என்பதில்தான் வந்தது. ஒருவன் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்து ‘தனிப்பயன் தலைப்பு’ என்று கொண்டுவந்தான். கட்டுரைக்குத் தலைப்பு உண்டு, கதைக்கு உண்டு, சேலைக்கும் உண்டு. ஆளுக்கு எங்கிருந்து வரும் தலைப்பு?

ஆளுக்கு வைப்பது பட்டப்பெயர்தான். ‘பட்டம்’ என்பது முதலில் நெற்றியில் கட்டிய பொன் தகடு. துணிப்பட்டையையும் குறித்தது. வடமொழி ‘பட்ட’த்தோடு இதைச் சேர்ப்பார்கள், தமிழ் வேர்தான் என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும், கோயில் யானைக்கு நெற்றிப்பட்டம் கட்டிப் பார்த்தவர்களுக்குப் பொருளை விளக்க வேண்டியதில்லை. செப்புப் பட்டயமும் நிலத்துப் பட்டாவும் இதற்குப் பங்காளிகள். ஆங்கில ‘டைட்டில்’ லத்தீன் ‘டிடுலுஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதுவும் பெயரெழுதிய பலகையைக் குறித்த சொல்தான்.

வினைச்சொல்லைக் கவனியுங்கள். பட்டம் கட்டுவார்கள், சூட்டுவார்கள். தன் நெற்றியில் தானே கட்டிக்கொள்வது வழக்கமில்லை. சித்திரைத் திருவிழா எட்டாம் நாள் மீனாட்சிக்கே பட்டாபிஷேகம் செய்துதான் வைக்கிறார்கள்; வேப்பம்பூ மாலையும் செங்கோலும் கொடுத்த பிறகுதான் மதுரை அவள் ஆட்சி. எங்கள் குழுவில் ஒருவன் தனக்குத்தானே ‘மாமன்னர்’ என்று போட்டுக்கொண்டான். மறுநாள் காலைக்குள் அது ‘மாமன்னர் (தற்காலிகம்)’ ஆனது. மாலையில் அதுவும் போனது.

பாண்டிய நாட்டுக்கு இந்த வழக்கம் மிகப் பழசு. வணிகருக்கு எட்டி, படைத்தலைவருக்கு ஏனாதி, அமைச்சருக்கும் வேளாண் பெருமக்களுக்கும் காவிதி என்று அரசன் தந்த பட்டங்கள் இருந்தன. மதுரைக்காஞ்சி காட்டும் நகரத்தில் காவிதி மாக்கள் நடமாடுகிறார்கள். அதற்கும் முந்திய சான்று மேலூர்ப் பக்கம் மாங்குளத்து மலைக் குகையில் இருக்கிறது. அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்றில் ‘காவிதி’ என்ற சொல் வருகிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணிப்பில் அந்த எழுத்துக்குக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு வயது.

இப்படிப்பட்ட பெயரைத் தொல்காப்பியம் ‘சிறப்பின் ஆகிய பெயர்’ என்கிறது. சிறப்புப்பெயரும் இயற்பெயரும் சேர்ந்து வந்தால் சிறப்புப்பெயர்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று வரிசையும் சொல்கிறது. மதுரைச் சுவர்களில் போஸ்டர் அடிப்பவர்கள் தொல்காப்பியம் படித்தார்களோ இல்லையோ, இந்த விதியை மட்டும் மீறிப் பார்த்ததில்லை. நாலு வரிக்குப் பட்டம் வந்த பிறகு ஐந்தாவது வரியில்தான் ஆள் வருவார்.

‘சிறப்புப்பெயர்’ என்றே வைத்துக்கொண்டால் என்ன? வைக்கலாம், பிழையில்லை. ஆனால் அதில் கேலிக்கு இடமில்லை. ‘அடைமொழி’ பெயருக்கு முன்னால் ஒட்டுவது. டெலிகிராமில் இது பெயரைத் தாண்டி ஓரத்தில் நிற்கிறது. ‘விருது’ என்றால் இன்று கேடயமும் சால்வையும் எதிர்பார்ப்பார்கள். ‘புனைபெயர்’ தானே வைத்துக்கொள்வது. பட்டப்பெயர் ஒன்றுக்குத்தான் இரண்டு முகமும் உண்டு: அரசன் கொடுத்ததும் பட்டப்பெயர், பின் பெஞ்சுக்காரன் வைத்ததும் பட்டப்பெயர்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ‘ரங்கூன்காரர் வீடு’ என்பார்கள். ரங்கூன் போனவர் செத்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். அதே ஊர்களில் ‘உங்களுக்கு என்ன பட்டம்?’ என்று கேட்டால் சாதியை விசாரிக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பட்டமும் உடம்பை வைத்துச் சொல்லும் பட்டமும் குழுவில் கூடாது என்று தொடக்கத்திலேயே பேசிக்கொண்டோம். குட்டை, கருவாயன் எல்லாம் பள்ளிக்கூடத்தில் பட்டது போதும்.

அப்படியானால் எதை வைத்துப் பெயர் சூட்டுவது? குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கும் இதே சிக்கல். பாட்டு இருந்தது, பாடியவர் பெயர் இல்லை. அவர் சொன்ன தொடரையே எடுத்துப் பெயராக்கிவிட்டார்கள். ஆள் நீங்கிய வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். மூட்டி விடவும் ஆளில்லாமல் விலக்கி விடவும் ஆளில்லாமல் குப்பைமேட்டில் சண்டையிடும் கோழிகளைச் சொன்னவர் குப்பைக்கோழியார். செம்புலப்பெயல்நீரார் எல்லாருக்கும் தெரிந்தவர். பிறகு ஒரு ‘ஆர்’ போட்டு மரியாதையும் பண்ணிவிட்டார்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதன்படி பார்த்தோம். கறிதோசையில் வெங்காயம் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆறு மாதமாக அடித்துக்கொள்ளும் இருவரில் மூத்தவருக்குக் ‘குப்பைக்கோழியார்’ அப்படியே பொருந்தியது. இன்னொருவன் திருநகர்க்காரன். தல்லாகுளத்தில் டீக்கடையில் கூடும்போதெல்லாம், பக்கத்துக் கோரிப்பாளையம் வரை வந்துவிட்டவன் போல ‘மாப்ள, கோரிப்பாளையம் வந்துட்டேன்’ என்பான். பின்னணியில் அவன் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். அவனுக்குக் ‘கோரிப்பாளையத்தார்’ என்று ஒருமனதாக முடிவானது.

அங்கேதான் தகராறு. நாங்கள் வைத்த சமயம் டெலிகிராமில் நிர்வாகிகளுக்குத்தான் டைட்டில் வைக்க முடிந்தது, அதுவும் 16 எழுத்துக்குள். இலக்கணப்படி எண்ணினால் கோரிப்பாளையத்தார் 9 எழுத்துதான். கணினிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ‘கோ’ அதற்கு இரண்டு: ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. ‘ப்’ இரண்டு, புள்ளி தனி. இப்படிக் கூட்டினால் 17 வருகிறது. குப்பைக்கோழியார் 8 எழுத்து, கணினிக் கணக்கில் சரியாக 16, மயிரிழையில் தப்பியது. இவனுக்கோ கடைசி ரகரத்தின் புள்ளி மட்டும் உள்ளே போக மறுத்துவிட்டது. ‘கோரிப்பாளையத்தார’ என்று ஒருநாள் முழுக்க நின்றான்.

மரியாதை விகுதியைக் கழற்றிக் ‘கோரிப்பாளையம்’ என்று மட்டும் வைத்தோம். இப்போது அவன் வெறும் ‘வந்துட்டேன்’ என்று அனுப்பினால் போதும், ஊர்ப்பெயர் பக்கத்திலேயே இருக்கிறது.