ஹெடோஹன்: சகிப்பும் இல்லை, சட்டப்பூர்வமும் இல்லை

"நெதர்லாந்தில் கஞ்சா சட்டப்பூர்வம்" என்று இன்னும் எத்தனை தடவைதான் எழுதுவார்களோ. அந்த ஊர் அபின் சட்டப்படி (பெயர்தான் அபின், மற்ற போதைப்பொருள்களுக்கும் அதுதான் சட்டம்) கஞ்சா விற்பது இன்றைக்கும் குற்றம். குற்றம் என்று சட்டத்தில் வைத்துக்கொண்டே, இன்ன வரம்புக்குள் நடந்தால் வழக்குப் போடமாட்டோம் என்று அரசே எழுத்தில் கொடுத்துவிடுகிறது. இதற்கு டச்சுக்காரர்கள் வைத்திருக்கும் சொல் ஹெடோஹன். (அந்த ஹ தொண்டையைக் காறிக்கொண்டு வரும், நம் எழுத்துக்குள் அடங்காது.) இடைக்கால டச்சில் தாங்கிக்கொள்வது, பொறுத்துக்கொள்வது என்று பொருள். வேர் பற்றி இவ்வளவு போதும், தகராறு அதில் இல்லை.

1976-ல் அபின் சட்டத்தைத் திருத்தி ஹெராயின், கொக்கெயின் வகையை ஒரு பட்டியலிலும் கஞ்சாவை வேறு பட்டியலிலும் போட்டார்கள். 1961-ஆம் ஆண்டு ஐநா போதைப்பொருள் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்பதால் கஞ்சாவை முழுக்க விடுவிக்க முடியவில்லை. ஆனால் பொதுநலன் கருதி ஒரு குற்றத்தை வழக்காக்காமல் விடும் அதிகாரம் அங்கே அரசு வழக்குத் துறைக்கு உண்டு, அதைப் பிடித்துக்கொண்டார்கள். காபியோடு கஞ்சாவும் விற்கும் கடைகளுக்கு அவர்கள் வைத்த வரம்பு இது: ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராம், கடையில் இருப்பு 500 கிராம், விளம்பரம் கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர் நுழையக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கூடாது. மீறினால் மேயர் கடையைப் பூட்டலாம். வேடிக்கை என்னவென்றால், முன்வாசலில் விற்பதை விட்டுவிட்டார்கள், பின்வாசல் வழியாக அந்தச் சரக்கு வந்து சேர்வதை விடவில்லை. கடைக்காரர் வருமான வரி கட்டுகிறார். ஆனால் சட்டவிரோதச் சரக்கு என்பதால் கஞ்சா விற்பனைக்கு மதிப்புக் கூட்டு வரி போட முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1988-ல் தீர்ப்புச் சொன்னது. அதே மேசைக்கு வரும் காபிக்கு வரி உண்டு!

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கொஞ்சம் படித்தவர்கள் "சகிப்புத்தன்மைக் கொள்கை" என்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். வடசொல் என்பதற்காக மட்டும் சண்டைக்கு வரவில்லை, அதுவும் ஒரு காரணம்தான் என்றாலும். சகிப்புத்தன்மை என்பது மனசு சம்பந்தப்பட்டது, ஒரு ஆளின் குணம். மாமியாருக்கு இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு இருக்கலாம், கிராம் கணக்குப் போட்டு வைத்திருக்கும் வழக்குத் துறைக்கு எதற்குக் குணம்? ஹெடோஹன் ஒரு வினைச்சொல், ஒரு அதிகாரி செய்கிற காரியம். "இந்தக் கடையைச் சகித்துக்கொண்டார்" என்றால் மேயர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அல்லவா படுகிறது. அப்புறம் இன்னொன்று: அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து, கூடவே "தன்மை" ஒன்றை ஒட்டிவிட்டால் கலைச்சொல் ஆகிவிடும் என்று நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

"கண்டும் காணாமல் விடுதல்" என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல தமிழ்தான், ஆனால் அதில் மாமூல் வாடை அடிக்கிறது. இங்கே காணாமல் விடுவது எதுவுமே இல்லை. கண்டு, எடைபோட்டு, எழுதிவைத்துவிட்டு விடுகிறார்கள்.

என் கட்சி: விட்டுப்பிடித்தல். கயிறு அதிகாரி கையில்தான் இருக்கிறது, தேவைப்பட்டால் இழுப்பார் என்ற பொருள் இதில் தானாக வந்துவிடுகிறது. கடைசியில் எப்படியும் பிடித்தே தீருவார்கள் என்ற தொனி சற்றுக் கூடுதலாக இருக்கலாம், பரவாயில்லை. விட்டுப்பிடிப்புக் கொள்கை என்று பெயர்ச்சொல்லாகவும் வளையும்.

பழைய கதைக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது. 17-ஆம் நூற்றாண்டு டச்சுக் குடியரசில் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடத் தடை. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடாகத் தெரியும் கட்டடத்துக்குள் பூசை நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிகர் 1663-ல் தன் வீட்டு மச்சில் கட்டி முடித்த தேவாலயம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. இப்படி விட்டுவைக்க உள்ளூர் அதிகாரிக்குப் பணமும் போனது (ஆக நண்பரின் மாமூல் வாடையும் முழுப் பொய் இல்லை). வியாபாரத்தில் பிழைக்கும் ஊர், எல்லா மதத்துச் சரக்கும் காசும் வேண்டும், அதனால் சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்ற கணக்கு.

உண்மையிலேயே சட்டப்படி ஆனவையும் உண்டு. விபசார விடுதிகள் மீதான தடையை 2000-ல் நீக்கினார்கள். கருணைக்கொலை முதலில் விட்டுப்பிடிப்பில் இருந்து, 2002-ல் நிபந்தனைகளோடு மருத்துவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு வந்தது. 2023 டிசம்பரில் பிரேடா, டில்பர்க் நகரங்களில் அரசு அனுமதியோடு வளர்த்த கஞ்சாவைக் கடைகளில் விற்கும் சோதனை தொடங்கியது. இதற்கெல்லாம் ஒரே "சட்டப்பூர்வம்" என்றால், எது எப்போது மாறியது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

இதைவிடக் கொடுமை, கஞ்சா விற்கும் அந்தக் கடையைக் "காபிக் கடை" என்று தமிழாக்குவது. டிகிரி காபி குடிக்கப் போனவர் எதைக் குடித்துவிட்டு வருவாரோ. கோஃபிஷாப் என்று அப்படியே விட்டுவிடுங்கள்.