சேற்றில் ஆழம், மரத்தில் உயரம்: பறவைகள் இரையைப் பங்கிடும் விதம்

ஜனவரியில் கோடியக்கரைச் சேற்றில் கொசு உள்ளானும் பெரிய கோட்டானும் பத்தடி இடைவெளியில் மேயும். உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான். அதன் அலகு ஏறத்தாழ 2 செ.மீ. கோட்டானின் வளைந்த அலகு மட்டுமே 15 செ.மீ.யைக்கூடத் தாண்டும். இரண்டும் ஒரே சேற்றைக் குத்தினாலும் ஒன்றின் இரைக்கு மற்றது பெரும்பாலும் போட்டியில்லை. மேல்சேற்றில் நெளியும் பூச்சிப்புழு உள்ளானுக்கு, வளைக்குள் பதுங்கிய நண்டும் ஆழத்துப் புழுவும் கோட்டானுக்கு. இடைப்பட்ட அடுக்குகளில் 4 செ.மீ. அலகோடு பவளக்காலியும், 10 செ.மீ. அலகோடு கருவால் மூக்கனும் மேய்கின்றன.

சேற்றுக்குள் கண் எட்டாது. பிறகு எப்படி இரை தெரிகிறது? உள்ளான் இனங்களின் அலகு நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் நிறைய உண்டு. அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. ஹெர்ப்ஸ்ட் நுண்ணுறுப்புகள் என்று பெயர். அலகைச் சேற்றில் செருகும்போது மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நீர் தள்ளப்படுகிறது. பக்கத்தில் ஒரு சிப்பி புதைந்திருந்தால் அந்த நீர் தடைபட்டு அழுத்தம் மாறும். பறவை அடுத்தடுத்துக் குத்தி அந்த மாற்றத்தை அளக்கிறது. அலகு சிப்பியைத் தொடவே வேண்டியதில்லை. நாட் என்னும் உள்ளான் வகையை வைத்து நெதர்லாந்தில் நடந்த சோதனைகளில், ஈர மணலில் புதைத்த பொருளை அது இப்படிக் கண்டுபிடித்தது. காய்ந்த மணலில் அந்தத் திறமை பலிக்கவில்லை. துகள்களுக்கு நடுவே நீர் இல்லையென்றால் செய்தி கடத்த ஆளில்லை.

கண்டுபிடித்த பிறகு இன்னொரு சிக்கல். முழு அலகையும் சேற்றுக்குள் விரிப்பது கடினம். அதனால் மேல் அலகின் நுனியை மட்டும் வளைத்துத் திறக்கும் அமைப்பு இவற்றுக்கு உண்டு. அலகின் அடிப்பகுதி மூடியே இருக்க, நுனி இடுக்கி போல இரையைப் பற்றுகிறது. சேற்றுத் திட்டின் பரபரப்புக்கு அடியில் நடக்கும் இந்த நுணுக்கமான வேலைதான் கரைப்பறவைகளிடம் மிக வியப்பான சங்கதி.

உப்புக்கொத்திகள் வேறு வழி. குட்டை அலகு, பெரிய கண். நாலடி ஓடும், சட்டென நிற்கும், மேல்பரப்பில் ஏதாவது அசைந்தால் கொத்தும். சேறு காயக் காயப் புழுக்கள் கீழே இறங்கிவிடுவதால், ஓரளவு காய்ந்த திட்டில் உப்புக்கொத்திகளும் பளபளவென ஈரம் மின்னும் விளிம்பில் உள்ளான்களும் கூடுகின்றன.

எனவே பறவை தேடிப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. சிறு உள்ளான்களுக்கு நீர் 4 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் கால் எட்டாது. நெடுங்கால் உள்ளான் 15 செ.மீ. நீரிலும் தாராளமாக நடக்கும். இந்தக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நிலமோ தட்டை. காற்று திசை மாறினாலே நீர் விளிம்பு வெகுதூரம் நகர்ந்துவிடும். ஓத அட்டவணையை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான். வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்த ஆண்டில் நவம்பர், டிசம்பரில் சதுப்பு நிரம்பிக் கிடக்கும். நீர் வடியத் தொடங்கிய பிறகே சிறு பறவைகளுக்கு இடம் கிடைக்கும்.

உப்பளங்களில் கணக்கே வேறு. பாத்திக்குப் பாத்தி உப்பு ஏறி, மீன் தாங்க முடியாத நீரில் உப்புநீர் இறால் பெருகுகிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து, நாக்கை உந்துதண்டு போல இயக்கி நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகோரத்துச் சல்லடைத் தகடுகளில் இரை தங்கிவிடும். பெரும் பூநாரையின் சல்லடையில் இறாலும் புழுவும் நிற்கும். சிறு பூநாரையின் சல்லடை இன்னும் நெருக்கமானது, நுண்பாசியையே வடிக்கும். அதனால் இரண்டும் ஒரே நீரில் பகையின்றி நிற்கலாம். தூரத்திலிருந்து பிரித்தறிய, அலகைப் பாருங்கள்: கருநுனியோடு இளஞ்சிவப்பு அலகு என்றால் பெரியது, முழுவதும் கருஞ்சிவப்பு என்றால் சிறியது. இளம் பறவைகள் இரண்டிலும் சாம்பல் பழுப்புதான். நிறத்தை நம்பி முடிவு கட்ட வேண்டாம்.

இங்கே நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. இளம் கோட்டானுக்கு அலகு குட்டை என்பதால் அதைச் சின்னக் கோட்டான் என்று எழுதிவிடுவார்கள். சின்னக் கோட்டானுக்கே உரிய வரிகள் உச்சந்தலையில் உண்டா என்று பார்த்தால் குழப்பம் தீரும். கால் நிறத்தைச் சேறு மறைக்கும். பறவை தண்ணீரில் இறங்கி ஏறும்வரை பொறுங்கள். ஒன்பது மணிக்கு மேல் கானல் அசைவில் தொலைநோக்கியின் 60 மடங்கு உருப்பெருக்கம் எதற்கும் உதவாது, 20 அல்லது 25 போதும். வெயில் முதுகுப் பக்கம் விழும்படி நில்லுங்கள். காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம் என்பதைக் குறியுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே வளையமிட்டு வருகிறது. படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்புவதற்காகச் சேர்க்கும் கொழுப்பு, ஒவ்வொரு வீண் பறத்தலிலும் கரைகிறது.

மேற்கே மலையேறினால் இதே பங்கீடு செங்குத்தாக நிற்கும். வால்பாறை, மாஞ்சோலைக் காடுகளில் பல இனங்கள் கலந்த கூட்டமாக இரை தேடும்: உச்சிக் கிளையில் மின்சிட்டு, அடிமரத்தில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பான், தரையருகே சிலம்பன்கள். கூட்டத்தோடு வரும் துடுப்புவால் கரிச்சான், மற்றவை கிளப்பிவிடும் பூச்சியை அந்தரத்தில் பிடிக்கும், வல்லூறு வந்தால் குரல் கொடுக்கும். அது பிற பறவைகளின் குரலையும் அப்படியே எழுப்பும் என்பதால், காதை மட்டும் நம்பிப் பட்டியல் எழுதக் கூடாது. அரைமணி நேரம் காடு வெறிச்சோடிக் கிடக்கும். பிறகு ஐந்தே நிமிடத்தில் பதினைந்து இனங்கள் கடந்து போகும். துரத்தினால் கூட்டம் விலகிப் போகும். கரிச்சான் குரல் நெருங்குகிறதென்றால் இருந்த இடத்திலேயே நின்று, உச்சியிலிருந்து தரைவரை அடுக்கடுக்காகப் பார்த்து வாருங்கள். கழுத்து வலிக்கிறதென்று கீழடுக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு மின்சிட்டு தப்பிவிடும்.