சக்தி வங்கி அல்ல, கைமின்கலம்

போன மாதம் வாங்கிய பவர் பேங்க் பெட்டிக்குள் ஒரு மடிப்புத் தாள் இருந்தது. ஏழெட்டு மொழிகளில் குறிப்பு, அதில் தமிழும் ஒன்று. ஆசையாகப் பிரித்தால் முதல் வரியே இப்படி: "முதல் பயன்பாட்டுக்கு முன் சக்தி வங்கியை முழுமையாகக் கட்டணம் வசூலிக்கவும்." யாரிடம் வசூலிப்பது என்று எழுதவில்லை. சார்ஜ் என்றால் கட்டணம் என்றும் ஒரு பொருள் உண்டு, பக்கத்திலேயே பேங்க் வேறு உட்கார்ந்திருக்கிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டு இயந்திரம் ஏதோ செய்திருக்கிறது. இயந்திரத்தை மன்னித்துவிடலாம். ஆனால் அதே வாரம், அன்றாடம் கூட வைத்துக்கொள்ள உதவும் கருவிகளைப் பற்றி ஒரு காணொளியில் நல்ல தமிழில் பேசிய ஒருவர், பத்து நிமிடத்துக்குள் எட்டு முறை 'ஆற்றல் வங்கி' என்றார். எண்ணினேன். எட்டாவது முறைதான் இதை எழுத வைத்தது.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேங்க் என்பது இத்தாலியக் காசு மாற்றுக்காரர்கள் போட்டு உட்கார்ந்த மேசையைக் குறித்த 'பாங்கா'வில் இருந்து வந்தது. நம்முடைய வங்கியும் அதே சொல்தான், உச்சரிப்பில் தமிழுக்கு வந்துவிட்டது, அவ்வளவே. (கையில் பூட்டும் வங்கி என்ற நகை வேறு.) பணமல்லாத ஒன்றைச் சேர்த்துவைக்கும் இடத்துக்கும் இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது ரத்தம். 1937-இல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபான்டஸ் என்ற மருத்துவர் 'பிளட் பேங்க்' என்று பெயர் வைத்தார். அதிலிருந்து கண் வங்கி, விதை வங்கி என்று வரிசை நீண்டு, கடைசியில் சட்டைப் பைக்குள் வந்து நிற்கிறது.

சரி, ரத்த வங்கியை ஏற்றுக்கொண்ட தமிழ் ஆற்றல் வங்கியை ஏன் ஏற்கக் கூடாது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரத்த வங்கி ஓர் இடம். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், கணக்கு இருக்கிறது, ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். கொடுக்கல் வாங்கல் நடப்பதால் அந்த உவமை நிற்கிறது. இங்கே நான்தான் போடுகிறேன், நான்தான் எடுக்கிறேன், அதுவும் போட்டதைவிடக் குறைவாக. வங்கியில் போட்டால் வட்டி வரும், இதில் போட்டால் கழிவுதான் வரும். நூறு ரூபாய் போட்டவனுக்கு எழுபது ரூபாய் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு ஊரில் வேறு பெயர் உண்டு.

முதல் பாதியும் தகராறுதான். பள்ளிப் பாடநூலில் விசை, ஆற்றல், திறன் மூன்றும் மூன்று. பவர் என்பது அங்கே திறன், வாட்டில் அளப்பது, ஆற்றல் எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பதன் கணக்கு. அதைச் சேர்த்துவைக்க முடியாது. சேர்த்துவைப்பது ஆற்றலை. ஆக ஆங்கிலப் பெயரே இயற்பியல்படி தப்பு, 'பவர் போயிடுச்சு' என்று நாம் சொல்வது போன்ற பேச்சு வழக்கு அது. 'ஆற்றல் வங்கி' என்றவர் அந்தத் தப்பையாவது திருத்தியிருக்கிறார், அந்த மட்டில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். 'சக்தி வங்கி' என்பவர்கள் அதையும் செய்யவில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு மகளிர் குழுக் கடன் தரும் கூட்டுறவுச் சங்கம்தான் கண்ணில் தெரிகிறது. 'மின்வங்கி' கொஞ்சம் தேவலை. ஆனால் மின்வாரியத்தின் தம்பி மாதிரி இருக்கிறது, பணம் கட்டப் போக வேண்டிய இடம் என்று தோன்றுகிறது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய குறை வேறு. வங்கி என்ற சொல் உள்ளே இருப்பதை மறைக்கிறது. பவர் பேங்க்கைப் பிரித்தால் (பிரிக்காதீர்கள்) உள்ளே இருப்பது லித்தியம் அயனி மின்கலமும் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகையும்தான். அது பேட்டரி, வேறு எதுவும் இல்லை.

என் பெரியப்பா, தன் மகளைப் பார்க்க சிங்கப்பூர் கிளம்பினார். விமான நிலையத்தில் பெட்டியை உள்ளே அனுப்பும் இடத்தில், "பெட்டிக்குள்ள பேட்டரி ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லையே" என்று நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கிறார் மனிதர். பத்து நிமிடம் கழித்துப் பெயரைக் கூப்பிட்டு, பூட்டைத் திறக்கச் சொல்லி, வேட்டிக்கும் முறுக்கு டப்பாவுக்கும் நடுவில் இருந்து பவர் பேங்க்கை எடுத்து மேசை மேல் வைத்தார்கள். அன்று இரவு போனில், "பொய் சொல்லிட்டேன்னு நினைச்சிருப்பாங்கடா, எனக்கு ஒரே அவமானமாப் போச்சு. அது பேட்டரின்னு யார்டா சொன்னா? பேங்க்குன்னுல்ல போட்டிருக்கு" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, பெயர்தான் சொன்னது.

இந்த விதி சும்மா கெடுபிடி இல்லை. பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கு அறைக்குள் போகும் பெட்டியில் போகக் கூடாது. அங்கே தீப்பிடித்தால் பக்கத்தில் ஆள் கிடையாது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது, எல்லாரும் தப்பித்தார்கள். தலைக்கு மேல் உள்ள அறையில் இருந்த ஒரு பவர் பேங்க் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். மார்ச் முதல் அந்த நாட்டு விமானங்களில் அதை மேலே வைக்கக் கூடாது, ஆளோடுதான் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது, உப்பிப் போனதை மக்கும் குப்பையோடு போடக் கூடாது என்பதெல்லாம் கூட, மின்கலம் என்று பெயர் இருந்தால் பாதிப் பேருக்குத் தானாகத் தோன்றும். வங்கி உப்பினால் நல்லது என்றுதானே நினைப்பார்கள்?

பேட்டரி என்ற சொல்லையே பாருங்கள். 1749-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மின்சாரம் தேக்கும் கண்ணாடி ஜாடிகளை வரிசையாகக் கோத்து வைத்தபோது, பீரங்கிகளை வரிசையாக நிறுத்துவதற்கு இருந்த பட்டாளச் சொல்லை எடுத்து அதற்கு வைத்தார். ஆங்கிலத்தில் உவமை அது. தமிழில் கலைச்சொல் ஆக்கியவர்கள் 'பீரங்கி வரிசை' என்று எழுதினார்களா? பொருளைப் பார்த்தார்கள், மின்சாரம் இருக்கும் கலம், எனவே மின்கலம், பலவற்றை அடுக்கினால் மின்கல அடுக்கு. இன்றைக்கு அவர்கள் இல்லை, இருந்திருந்தால் வங்கிப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். இப்போது பெயர்ப்பவர்களுக்கு ஆங்கிலச் சொல்லின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்த் துண்டு வேண்டும், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க நேரமில்லை. கடைத்தெருவில் காது கொடுக்கவும் நேரமில்லை. 'சார்ஜ் ஏத்து' என்று ஊரே சொல்கிறது, 'ஏற்று' என்ற வினை கையிலேயே இருக்கிறது, மின்னேற்றம் அப்படி வந்ததுதான். அதை விட்டுவிட்டுக் கட்டணம் வசூலிக்கிறார்கள்.

குறை சொன்னால் போதுமா, வேறு சொல் கொடு என்பீர்கள். முதலில் 'சேமக்கலம்' என்று ஆசைப்பட்டேன், சேமித்து வைக்கும் கலம், கேட்கவும் அழகு. ஆனால் சேமக்கலம் என்பது ஏற்கனவே சாவு வீட்டிலும் சங்கோடு சேர்த்து அடிக்கும் வெண்கலத் தட்டு. சாவு வீட்டு ஞாபகம் எல்லாம் பைக்குள் வேண்டாம். அப்புறம் 'துணை மின்கலம்'. அதுவும் பாடநூலில், திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய கலம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகப் போய்விட்டது, போனுக்குள் இருப்பதும் துணை மின்கலம்தான். பழந்தமிழில் ஆற்றுணா என்று ஒரு சொல் உண்டு, வழியில் சாப்பிடக் கட்டிக்கொண்டு போகும் சோறு. பவர் பேங்க் செய்கிற வேலைக்கு அதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. ஆனால் கடையில் போய் 'ஆற்றுணா இருக்கா' என்றால் பக்கத்து மெஸ்ஸுக்கு வழி காட்டுவார்கள்.

கடைசியில் எளிமையான இடத்துக்கு வந்தேன். கைக்கடிகாரம், கைபேசி, கைவிளக்கு, கைத்தடி, கைக்குட்டை. கூடவே வைத்துக்கொள்ளும் சாமானுக்குத் தமிழ் 'கை' போடும். 'கைக்காவலுக்கு ஒரு ஐநூறு ரூபாய் வைத்துக்கொள்' என்று வீட்டில் சொல்வார்களே, அந்தக் கையும் இதுதான், இல்லாத நேரத்துக்கு உதவ இருப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது சென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. யார் வீட்டில் பவர் பேங்க் இருக்கிறது என்று மாடிப்படி ஏறி இறங்கிக் கேட்டது கைக்காவலைத்தான். எனவே கைமின்கலம். உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்கிறது, எங்கே வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

கலம் என்று வைத்தால் இன்னொரு நன்மை, எவ்வளவு பிடிக்கும் என்று கேட்கத் தோன்றும். பெட்டியில் 20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, கலம் பிடிக்கும் மின்னூட்டத்தின் அளவு) என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அது உள்ளே உள்ள கலத்தின் 3.7 வோல்ட்டில் எடுத்த கணக்கு, அதாவது 74 வாட் மணி ஆற்றல். வெளியே வருவது 5 வோல்ட்டில், அந்தக் கணக்கில் 14,800 ஆகிவிடும், சூடாகிப் போகும் சேதாரம் கழித்தால் இன்னும் குறையும். பின்பக்கம் பொடி எழுத்தில் வேறு ஒரு எண் இருக்கும், அதுதான் உண்மைக்குப் பக்கம். 5,000 எம்ஏஎச் போனை நான்கு தடவை ஏற்றலாம் என்று கணக்குப் போட்டு வாங்கியவர்களுக்கு மூன்று தடவை வந்தால் பெரிது. விமானத்தில் 100 வாட் மணி வரை அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம், அதைத் தாண்டினால் விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். தினம் ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போக 10,000 போதும், அதற்கு மேல் வாங்கினால் பை கனக்கும், கொஞ்ச நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம்.

அடுத்த முறை பெரியப்பா கிளம்பியபோது அவருடைய பவர் பேங்க்கில் வெள்ளைத் தாள் ஒட்டி, 'கைமின்கலம், 74 வாட் மணி, கைப்பையில் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"கலம்னா என்னடா?"

"பேட்டரி பெரியப்பா."

"அப்ப பேட்டரின்னே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே."