குடல் பாக்டீரியாவை நம் உடல் ஏன் விட்டுவைக்கிறது?

காலில் முள் குத்தி, அதோடு கொஞ்சம் பாக்டீரியா உள்ளே போனாலே அந்த இடம் சிவந்து, வீங்கி, சில சமயம் சீழும் கட்டிவிடும். நோய் எதிர்ப்பு மண்டலம் அவ்வளவு உஷாரானது. ஆனால் நம் உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன, பெரும்பாலும் பெருங்குடலில். அவற்றுக்கும் நம் திசுவுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செல் தடிமனுள்ள சுவர். அந்தச் சுவருக்குப் பின்னாலேயே எதிர்ப்பு செல்கள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. அப்படியும் அங்கே தினமும் போர் மூளுவதில்லை.

ஒரு காரணம் இடைவெளி. பெருங்குடல் சுவரின் மேல் இரண்டு அடுக்குச் சளி இருக்கிறது. மேலடுக்கு தளர்வானது, பாக்டீரியா அதில் தாராளமாக வாழும். சுவரை ஒட்டிய அடுக்கு இறுகியது, அதற்குள் அவை நுழைவது அரிது. சிறுகுடல் சத்தை உறிஞ்ச வேண்டிய இடம், அங்கே சளி இவ்வளவு கெட்டியாக இருக்க முடியாது. அதனால் பேனத் செல்கள் என்பவை பாக்டீரியாவைக் கொல்லும் புரதங்களைச் சுரக்கின்றன. இது போக ஐஜிஏ என்ற ஆன்டிபாடி. நம் உடல் நாள்தோறும் கிராம் கணக்கில் தயாரிக்கும் இது, பாக்டீரியாவின் மேல் படிந்து அதைச் சுவரில் ஒட்டவிடாமல் செய்கிறது, பெரும்பாலும் கொல்வதில்லை. சீம்பாலில் இது நிறைய இருப்பதால், பிறந்த குழந்தைக்கு அம்மாவிடமிருந்தே கிடைத்துவிடுகிறது.

சரி, பாக்டீரியா வெறும் தொல்லை என்றால் அது இல்லாத உடல் இன்னும் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளில் நேர் மாறாக இருக்கிறது. குடலிலுள்ள நிணநீர்த் திசுக்கள் சிறுத்துக் கிடக்கின்றன, ஐஜிஏ மிகக் குறைவு. எதிர்ப்பு மண்டலம் முழுதாக வளர்வதற்கே பாக்டீரியா தேவைப்படுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நியூயார்க்கில் டான் லிட்மன் என்ற ஆய்வாளரின் குழு கண்ட விஷயம். மரபணுவில் ஏறக்குறைய ஒன்றேயான எலிகள்தான். ஆனால் டாகோனிக் நிறுவனத்திலிருந்து வாங்கியவற்றின் சிறுகுடலில் அழற்சியைத் தூண்டும் டிஎச்17 என்ற எதிர்ப்பு செல்கள் ஏராளம், ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து வந்தவற்றில் மிகக் குறைவு. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டபோது இல்லாதவற்றுக்கும் அந்தச் செல்கள் வந்துவிட்டன. காரணம், சிறுகுடல் சுவரில் நேரடியாக ஒட்டி வாழும் நூல் போன்ற ஒரு பாக்டீரியா என்று 2009இல் தெரிந்தது. அது இருந்த எலிகள் சிட்ரோபாக்டர் என்ற குடல் கிருமியை நன்றாகத் தாக்குப்பிடித்தன. ஆனால் மூட்டுவாதம் வரும் வாய்ப்புள்ள எலிகளிலோ, அதே பாக்டீரியா அந்த நோயைத் தூண்டிவிட்டது. ‘நல்ல பாக்டீரியா’ என்று விளம்பரங்கள் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். யார் உடலில் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

அப்புறம், அடக்கி வைக்கும் பக்கமும் உண்டு. எதிர்ப்பு மண்டலம் அத்துமீறாமல் பார்த்துக்கொள்ளும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை (டி செல் என்பது எதிர்ப்பு செல்களில் ஒரு வகை) அடையாளம் கண்டதற்காக ஷிமோன் சகாகுச்சி 2025இல் மேலும் இருவருடன் நோபல் பரிசு பெற்றார். பெருங்குடலில் இந்தச் செல்களைப் பெருக்குவது கிளாஸ்ட்ரிடியா வகை பாக்டீரியாக்கள் என்று ஜப்பானில் கென்யா ஹோண்டா என்ற ஆய்வாளரின் குழு 2011இல் காட்டியது. டெட்டனஸ் கிருமியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்பது ஆச்சரியம். 2013இல் அதே குழு, மனித மலத்திலிருந்து பிரித்த 17 பாக்டீரியா வகைகளை எலிகளுக்குக் கொடுத்து இந்தச் செல்களைப் பெருக்கிக் காட்டியது.

எப்படிப் பெருக்குகின்றன? நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது பியூட்டிரேட் என்ற அமிலம் உண்டாகிறது. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். அதே அமிலம் இளம் டி செல்லுக்குள் போய், ஒழுங்குபடுத்தும் செல்லாக மாற்றும் மரபணு இயங்க உதவுகிறது. அதாவது கீரை, பயறு, முழுதானியம் எல்லாம் நமக்கு மட்டுமான சாப்பாடு அல்ல.

நார்ச்சத்து கிடைக்காவிட்டால் பாக்டீரியா பட்டினி கிடந்து சும்மா இருப்பதில்லை. மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தே இல்லாத உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. சளியைத் தின்னக்கூடிய வகைகள் பெருகின, சளிப்படலம் மெலிந்தது. அந்த நிலையில் சிட்ரோபாக்டரைக் கொடுத்தபோது, அது சுவரை எளிதில் எட்டி உயிரைக் குடிக்கும் அளவுக்குக் குடல் அழற்சியை உண்டாக்கியது.