கேப்சிட் – புரதக்கூடு

நச்சுயிரியின் (வைரஸின்) மரபுப்பொருளைச் சுற்றிப் புரதத் துண்டுகளே அடுக்கிக் கட்டும் மூடிய ஓடுதான் கேப்சிட். லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. ரோமானியர் ஏட்டுச் சுருள்களைப் போட்டுவைத்த உருளைப் பெட்டிக்கும் அதுவே பெயர். இந்த வேரிலிருந்து 1959-இல் ஆந்த்ரே ல்வோஃப், தாமஸ் ஆண்டர்சன், பிரான்சுவா ஜேக்கப் மூவரும் கேப்சிட் என்ற சொல்லை ஆக்கினார்கள். முழுத் துகளைக் குறிக்கும் 'விரியான்' என்ற சொல்லும் அவர்கள் தந்ததே. மருந்துக்கடை கேப்சூலும் இதே வேர்தான். பணத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்'கூட பிரெஞ்சு வழியாக இங்கிருந்து போனதே. நம் 'காசு' தந்தது சீனச் சில்லறை நாணயத்துக்கு ஆங்கிலேயர் இட்ட 'கேஷ்' என்னும் பெயரை. தொடர்பில்லாத இந்த இரண்டு 'கேஷை'யும் ஒன்றாக்கிப் பெருமைப்படுவோர் உண்டு.

தமிழில் 'புரத உறை' என்று எழுதுகிறோம். போலியோ நச்சுயிரிக்கு அது போதும். அதற்கு ஓடு மட்டுமே. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நச்சுயிரிக்கு ஓட்டின் மேல் கொழுப்புச் சவ்வும் உண்டு, அதையும் உறை என்றே சொல்கிறோம். தலையணை உறை, வாளுறை என மேலே மாட்டுவதுதான் உறை. குருவிக்கூடு, தேன்கூடு என உள்ளே இடம்விட்டுக் கட்டுவது கூடு. ஆகவே கேப்சிட்டுக்குப் 'புரதக்கூடு', சவ்வுக்கு 'மேலுறை' என்பதே என் தேர்வு.

ஹெபடைட்டிஸ் பி-யின் கூட்டைக் கட்டுபவை கோர் புரதங்கள். கல்லீரல் உயிரணுவுக்குள் அவை முதலில் இரண்டிரண்டாகச் சேர்கின்றன. அப்படி 120 இணைகள் சேர்ந்தால் ஒரு கூடு. சிலவற்றில் 90 மட்டும். கூடு மூடும்போது உள்ளே மாட்டுவது டிஎன்ஏ அல்ல, அதன் ஆர்என்ஏ நகல். அந்த நகலின் ஒரு முனை மடிப்பைப் பிடித்துக்கொண்டு பாலிமரேஸ் நொதியும் கூடவே உள்ளே போகிறது. கதவை அடைத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது: நொதி ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏவை எழுதுகிறது. பெட்டி என்று பெயர் வைத்தார்கள்; இங்கே அது பட்டறையும்கூட.

டிஎன்ஏ தயாரான கூட்டுக்கு இரண்டு வழி. சில உட்கருவுக்கே திரும்பி அங்குள்ள நச்சுயிரி டிஎன்ஏவின் இருப்பைக் கூட்டும். மற்றவை பெரிது, நடுத்தரம், சிறிது என மூவகை மேற்பரப்புப் புரதம் பதிந்த சவ்வுக்குள் மொட்டுவிட்டு மேலுறை பெறும். இது பல்குமிழ் உடலங்களில், அதாவது உயிரணுவுக்குள் சிறு குமிழ்கள் நிறைந்த பைகளில், நடக்கிறது. மொட்டைக் கிள்ளிவிடும் புரதங்கள் உயிரணுவுக்குச் சொந்தமானவை, நச்சுயிரி அவற்றை இரவல் வாங்குகிறது. அந்த உடலம் உயிரணுவின் வெளிச்சவ்வோடு கலந்ததும் துகள்கள் வெளியேறுகின்றன. உயிரணு வெடிப்பதில்லை. கல்லீரலுக்கு நேரும் சேதம் பெரும்பாலும் நம் நோயெதிர்ப்பு அணுக்களின் தாக்குதலால் வருவது.

இப்படி வெளிவரும் 42 நானோமீட்டர் முழுத்துகளை 1970-இல் லண்டனில் டேன் என்ற ஆய்வாளரும் உடன்பணியாற்றியோரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். டேன் துகள் என்ற பெயர் அதனால் வந்தது. இரத்தத்தில் அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக மிதப்பவை 22 நானோமீட்டர் உருண்டைகள்: மேலுறை மட்டும், உள்ளே கூடும் இல்லை, மரபுப்பொருளும் இல்லை. இவை, உயிரணு தன் புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கி உறுப்பின் வழியே, வேறு பாதையில் வெளியேறுகின்றன. 1981-இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற முதல் தடுப்பூசி, நோய் சுமப்போரின் இரத்த நீர்மத்திலிருந்து இந்த உருண்டைகளைப் பிரித்தெடுத்துச் செய்தது. 1986 முதல் ஈஸ்ட்டில் அதே புரதத்தை விளைவிக்கிறார்கள்.

இரத்தப் பரிசோதனைச் சீட்டிலும் இந்தப் பிரிவினை தெரியும். தடுப்பூசி மட்டும் போட்டவர் உடலில் மேலுறைப் புரதத்துக்கு எதிரான பொருள் இருக்கும், கூட்டுக்கு எதிரானது இராது. கூட்டுக்கு எதிரானதும் இருந்தால், அவரை அந்த நச்சுயிரியே எப்போதோ தொற்றியிருக்கிறது என்றே மருத்துவர் பெரும்பாலும் கொள்வார்.