போடோக்ஸை நிறுத்தினால் முகம் தொங்காது

"நிறுத்தினா முகம் தொங்கிடுமாமே?" முகச் சுருக்கத்துக்காகப் பல வருடம் போடோக்ஸ் ஊசி போட்டுக்கொண்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இந்தப் பயத்தில் ஆறாவது வாரமே அடுத்த ஊசிக்கு வந்து நிற்கிறார்கள். கையில் காசில்லாத மாதத்தில் பாதி விலைக்குப் போடும் இடத்தைத் தேடிப் போகிறார்கள். நிறுத்தியதால் கெட்ட முகத்தை நான் பார்த்ததில்லை. நிறுத்தப் பயந்து தேடிக்கொண்ட கெடுதலைத்தான் மறுபடி மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

மருந்து தசையைச் சில மாதம் தளர்த்தி வைக்கிறது, அவ்வளவே. 2 வாரத்தில் முழுப் பலன் தெரியும், 3 முதல் 4 மாதத்தில் தேய்ந்துவிடும். உடம்பில் தேங்காது. டோஸைப் படிப்படியாகக் குறைக்கவும் வேண்டாம். அடுத்த ஊசிக்குப் போகாமல் இருந்தாலே நிறுத்தியாயிற்று.

பிறகு முதலில் திரும்புவது அசைவு. புருவத்தை நெரித்தால் நெரிபடும், சிரித்தால் கண்ணோரம் மடியும். ஒரு பக்கம் ஓரிரு வாரம் முந்திக்கொள்ளலாம். கோணலாகத் தெரிந்தாலும் மறுபக்கம் வந்து சேர்ந்துவிடும். முகத்தைச் சும்மா வைத்திருக்கும்போதும் தெரியும் நிலைக்கோடுகள் அதற்கும் பிறகுதான், மெல்ல மெல்ல வரும்.

இனி அந்தத் தொங்கும் கதைக்கு வருவோம். 35 வயதில் தொடங்கி 43-ல் நிறுத்துகிறீர்கள். கண்ணாடியில் தெரிவது 43 வயது முகம். நீங்கள் அதை ஒப்பிடுவதோ போன மாதம் வரை ஊசியில் வழவழவென்று இருந்த முகத்தோடு. இடையில் போன எட்டு வருட வெயிலும் வயதும் கணக்கில் வருவதே இல்லை. ஊசியே போடாமல் இருந்திருந்தால் 43-ல் உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் சரியான ஒப்பீடு. அப்படி ஒப்பிட்டுப் பார்க்க இரட்டைச் சகோதரிகள் இருந்தால் நல்லது. இருந்தார்கள். அமெரிக்க மருத்துவர் வில்லியம் பிண்டர் 2006-ல் வெளியிட்ட பதிவில், ஒரே உருவ இரட்டையரில் ஒருவர் 13 வருடம் தொடர்ந்து போட்டுக்கொண்டவர், மற்றவர் மொத்தம் இரண்டே முறை. தொடர்ந்து போட்டவருக்கு நிலைக்கோடுகள் குறைவாகவே இருந்தன. ஒரு ஜோடியை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் தசை ஓய்ந்திருந்த காலத்தில் தோல் மடியாமல் தப்பித்தது லாபக் கணக்கில்தான் சேரும்.

பயத்துக்கு ஒரு சின்ன அடிப்படையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. புருவ நடுவில் ஊசி போடும்போது புருவத்தைக் கீழே இழுக்கும் தசைகள் தளர்வதால் சிலருக்குப் புருவம் ஓரிரு மில்லிமீட்டர் ஏறி நிற்கும். நிறுத்தினால் அது தன் பழைய இடத்துக்கு இறங்கும். அதைத்தான் தொங்கிவிட்டது என்கிறார்கள். நெற்றியில் நிறையப் போட்டவர்களுக்கு இதற்கு நேர் எதிர்: புருவ பாரம் குறைந்து கண் திறப்பாகத் தெரியும்.

நீண்ட நாள் வேலை செய்யாத தசை மெலியும். அது பழைய பருமனுக்கு வரப் பல மாதம் ஆகும். தாடைத் தசைக்குப் போட்டவர்கள் இதை நன்றாக உணர்வார்கள். முகம் மறுபடி அகலமாவதோடு, தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கமும் திரும்பலாம். பல் மருத்துவரிடம் இரவுக் காப்புத் தட்டுக்கு முன்கூட்டியே அளவு கொடுத்துவிடுங்கள்.

நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காக 12 வாரத்துக்கு ஒருமுறை 155 யூனிட் போட்டுக்கொள்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்த வேண்டாம். அது வேறு சிகிச்சை. நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள்.

ஊசியால் வரும் இமைச்சரிவு, போட்ட இரண்டு வாரத்துக்குள் தெரியும். சில வாரங்களில் தானே சரியாகும். கடைசி ஊசி போட்டு ஆறு மாதம் கழித்து இமை சரிந்தால் அது போடோக்ஸ் வேலை அல்ல. மாலை நேரத்தில் சரிவு கூடுகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது, விழுங்கச் சிரமம் என்றால் தசைக்களைப்பு நோய்க்கு (மயஸ்தீனியா கிராவிஸ்) பரிசோதனை வேண்டும். திடீரென்று வாய் கோணி, பேச்சு குழறினால் பக்கவாதமாக இருக்கலாம். அழகு நிலையத்துக்குப் போன் போட்டுக் கொண்டிருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

தோல் மெலிந்து, சிவந்து, ரத்தக்குழாய் தெரிகிறதென்றால் முகத்துக்கு என்ன தடவுகிறீர்கள் என்று பாருங்கள். சிவப்பழகுக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கிரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பழி மட்டும் ஊசிமேல் விழுகிறது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை போடுவது ஏன் கூடாது? அடிக்கடி போடப் போட, மருந்தை முறிக்கும் எதிர்ப்பொருள் உடம்பில் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. அழகுக்கான அளவில் இது அரிதுதான். ஆனால் உருவானால், பின்னாளில் பக்கவாத இறுக்கத்துக்கோ கழுத்துத் திருகலுக்கோ இதே மருந்து தேவைப்படும்போது பலிக்காமல் போகலாம். குறைந்தது 3 மாத இடைவெளி, பேரமே கிடையாது. ஒரு மாதத்திலேயே பலன் போய்விடுகிறது என்றால் டோஸ் போதவில்லை, அல்லது மருந்தைக் கரைக்கும் சலைன் (உப்பு நீர்) கூடிவிட்டது. 100 யூனிட் குப்பிக்கு 2.5 மில்லி கலந்தால் 0.1 மில்லியில் 4 யூனிட். எத்தனை மில்லி கலந்தீர்கள் என்று கேளுங்கள். குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், பேட்ச் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகம் சுளிக்கிறார்களா, எழுந்து வந்துவிடுங்கள். 2004-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், போடோக்ஸின் மூலப்பொருளான போட்யூலினம் நஞ்சை அங்கீகாரமற்ற, செறிவான வடிவில் போட்டுக்கொண்ட 4 பேர் உடல் செயலிழந்து செயற்கை சுவாசத்தில் கிடந்தார்கள். மலிவு விலை ஊசி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

நிறுத்த முடிவு செய்துவிட்டால் கடைசி ஊசிக்கு இரண்டு வாரம் கழித்து ஒரே வெளிச்சத்தில், சும்மா இருக்கும்போதும் புருவம் நெரித்தும் படம் எடுங்கள்; தொடங்கும் முன் எடுத்த படத்தையும் தேடி எடுங்கள். மூன்று மாதம் கழித்து அன்றைய முகத்தோடு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எஸ்பிஎஃப் 30-க்கு மேல் உள்ள சன்ஸ்க்ரீன், இரண்டு விரல் நீளம், முகத்துக்கும் கழுத்துக்கும். வெயிலில் நின்றால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி. இரவில் ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை கிரீம்) 0.025 சதவீதம், பட்டாணி அளவு, வாரம் இரண்டு நாளில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். கர்ப்பமாக இருந்தாலோ திட்டமிட்டாலோ தொடவே வேண்டாம்.

ஒரு வருடம் கழித்து மறுபடி போட ஆசை வந்தால் பழைய அளவையே கேட்காதீர்கள். தசை பலம் மாறியிருக்கும், புதிதாக அளக்க வேண்டும். முன்பு போட்ட பிராண்டின் பெயரையும் கட்டாயம் சொல்லுங்கள்: புருவ நடுவுக்குப் போடோக்ஸில் 20 யூனிட் என்றால், இதே வகை மருந்தின் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட்டில் 50.